ஏலக்காரரின் மூன்றாந்தரம்

குருநகரில் ஏலக்காரரைப் போல ஒரு தொண்டை இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறப்பதற்கு அயலவர்கள் சம்மதிக்கவும் மாட்டார்கள். விடியற்காலையில் மீன் சந்தையில் அவர் வாயைத் திறந்தால் கோட்டைப் பக்கத்துக் காகங்கள் எழும்பிவிடும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அவருடைய மனைவியைக் கேட்டால், அவரும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்.

உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் ஏலம் கூறினால் தீர்ந்துவிடும் என்று அந்த மனிதர் மனதார நம்பினார். வீட்டில் மத்தியானக் கறி என்ன என்பது ஏலம். கோயில் பெருநாளுக்கு எந்தப் பாட்டு என்பதும் ஏலம். ஒரு செத்தவீட்டில் பிரேதம் எடுக்கிற நேரத்தைப் பற்றி உறவுக்காரர் இரண்டுபட்டு நின்றபோது, இவர் எழும்பி அதையும் ஏலத்தில் விட்டார். நாலு மணி கோயில் சுவாமியாருக்கு விழுந்தது.

நான் அப்போது ஒரு சிறுவர் பயிற்சி நிலையத்தில் அலுவலக உதவியாளர். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் கொடுக்கிற இடம் அது. ஏலக்காரரின் ஒரே மகள் ஜெனிற்றா அங்கே வருகிற பிள்ளை. ஏழு வயது. நடக்கமாட்டாள், பேசமாட்டாள். கண் மட்டும் எட்டு ஊரை விலை பேசும்.

வருகிற பிள்ளை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெரும்பாலும் வராத பிள்ளைதான். நிலையம் திறந்திருப்பது காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த நேரம் தகப்பன் சந்தையில், தாய் நண்டுக் கொம்பனியில். ஒழுங்காக வராத பிள்ளைகளின் இடத்தைக் காத்திருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று ஒரு விதி வந்தது. முதலில் வெட்டுப்படப் போகிற பெயர் ஜெனிற்றாவுடையது.

அந்தச் சமயத்தில்தான் பொறுப்பாளர் மிஸ் பெற்றோரைக் கூட்டினார். பெற்றோரும் சம பங்காளிகள் என்று சுவரில் ஒரு பதாகை தொங்கியது. சம பங்காளிகளுக்கு உட்கார நீள வாங்கு, எங்களுக்குக் கதிரை. மிஸ் நல்ல மனுசி. நிலையத்தின் நேரத்தைப் பற்றிப் பெற்றோரின் அபிப்பிராயத்தை உண்மையாகத்தான் கேட்டார். ஆனால் எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. ஒரு பாரை மீனுக்காக ஊரைக் கூட்டுகிற பெண்கள்கூட நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மிஸ் சொன்னால் சரி என்றார்கள்.

ஏலக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழும்பினார். நான் தேத்தண்ணித் தட்டைப் பத்திரமாக மேசையில் வைத்தேன்.

"ஒன்பது மணி, ஒன்பது மணி, ஆர் கேக்கிறியள்?"

ஒருவரும் கேட்கவில்லை. பத்துக்கு ஏற்றினார், பன்னிரண்டுக்கு ஏற்றினார். இரண்டு மணியில் ஒரு தலை அசைந்தது. மூன்று மணியில் வாங்கு முழுவதும் அசைந்தது. மயிலிட்டியிலிருந்து வருகிற தாய் ஒருத்தி மட்டும், மூன்றுக்குத் தொடங்கினால் தனக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை, இரண்டரை என்று சத்தம் போட்டார். அந்த அம்மாவுக்குக் குரல் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

நாலு மணிக்குத் தங்களுக்கு வேலை முடிகிறதே என்று மிஸ் மெல்ல இழுத்தார்.

"அப்ப நீங்களும் கேளுங்கோ மிஸ்," என்றார் ஏலக்காரர். "நீங்களும் இதிலை ஒரு பங்குதானே."

மிஸ் பதாகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையைத் தூக்கினார். கிழமையில் இரண்டு நாள், இரண்டரையிலிருந்து ஐந்து வரை. மூன்றாந்தரம் சொல்லி ஏலக்காரர் கதவில் ஓங்கித் தட்டினார். ஜெனிற்றாவின் இடம் தப்பியது. கதவின் பிணைச்சல் தப்பவில்லை.

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. எதற்கெடுத்தாலும் ஏலம். சுவருக்கு என்ன நிறம் என்று வந்தபோது, யாரோ வள்ளத்துக்குப் பூசி மிச்சம் வைத்திருந்த நீலப் பெயின்ற் வென்றது. அந்த மணத்தில் நிலையத்தையே பூட்ட வேண்டி வந்தது. நான் தலையிடியோடு வாசலில் இருந்து அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார்.

பிறகு ஒரு நாள் ஜெனிற்றாவுக்கு எந்தப் பயிற்சியை முதலில் தொடங்குவது என்று பேச, அவள் படுத்திருந்த பாயைச் சுற்றி உட்கார்ந்தோம். கதிரையில் நிமிர்ந்து இருக்கப் பழக்கலாம் என்றார் பயிற்சி மிஸ். தானாகக் கரண்டி பிடித்துச் சாப்பிட்டால் போதும் என்றார் தாய். ஏலக்காரருக்கு நடை. முதல்நன்மை வாங்கக் கோயில் பீடத்துக்கு மகள் நடந்து போவாள் என்று குருநகர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால் நடைக்குத் தானே கேட்டு, தானே கூறவும் தொடங்கினார். எந்தச் சந்தையிலும் இது அடாத்து.

"நடை ஒருதரம். நடை ரெண்டுதரம்."

மூன்றாந்தரத்துக்கு முன்னால் சுற்றி நிற்பவர்களின் முகங்களை ஒருமுறை பார்ப்பது அவருடைய தொழில் வழக்கம். வாய் திறக்காமல் புருவத்தால் கேட்கிறவர்களும் சந்தையில் உண்டு. அந்தப் பழக்கத்தில் மகளின் முகத்தையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒவ்வொன்றாக அவளிடம் கூறத் தொடங்கினார். கரண்டிக்கு அசைவில்லை. கதிரைக்கும் இல்லை. நடைக்கும் இல்லை.

"அப்பாவோடை சந்தைக்கு வாறியே, மோள்?" என்றார் விளையாட்டாக.

இரண்டு புருவமும் மேலே போயின. தலையும் பாயிலிருந்து எழும்பப் பார்த்தது.

சந்தைக்குப் போவதென்றால் முதலில் நிமிர்ந்து இருக்கப் பழக வேண்டும் என்று பயிற்சி மிஸ் மெதுவாகச் சொன்னார். ஏலக்காரர் தலையாட்டினார். சந்தை ஒருதரம் என்றார், ரெண்டுதரம் என்றார். காகம் எழுப்புகிற அந்தத் தொண்டையில் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்றாந்தரத்தை அவருடைய மனைவிதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. பெயின்ற் மணம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் ஜெனிற்றா சந்தையில் தகப்பனுக்குப் பக்கத்தில், சில்லுக் கதிரையில் நிமிர்ந்து இருக்கிறாள். மூன்றாந்தரம் சொல்லும் முன் அவர் அவளைத் திரும்பிப் பார்ப்பார். அவள் புருவத்தைத் தூக்கினால் மீன் அவளுக்குத்தான். யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்த வீட்டில் கிழமை முழுக்க அந்த மீனையே தின்று தாய் அலுத்துப்போனார்.

போன சனி எனக்கு விழ வேண்டிய விளைமீன் அப்படித்தான் போனது. வெறும் பையோடு, வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.