மூன்றாவது அரிசிப் பை

ஒஸ்லோவில் ரசமட்டத்தாரை விடப் பிடிவாதமான ஒன்று உண்டென்றால் அது கருங்கல்லாகத்தான் இருக்க வேண்டும். குளியலறைகளுக்கு டைல் பதிப்பது அவர் தொழில். இயற்பெயர் யாருக்கும் தெரியாது. தளத்தின் சரிவு பார்க்கும் ரசமட்டம் எந்நேரமும் கக்கத்தில் இருக்கும். தேவாலயத்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதோடுதான் வருவார். அதை அவர் இறக்கி வைத்து நான் கண்டதில்லை.

நகர ஓரத்து ரொம்சோஸில், கொங்கிரீட் மாடியில் குடியிருந்தார். அசையாத தளத்தில் வாழ்வது அவருக்கு அலுப்பு. மரத்தளம் உள்ள பழைய வீடு என்றால்தான் கண் மின்னும்.

"மரம் அசையும், டைல் அசையாது. ரெண்டுக்கும் கலியாணம் கட்டிவைக்க முன்னம் பொருத்தம் பாக்கவேணும்."

பொருத்தம் பார்ப்பது இப்படி: பழைய விரிப்பை உரித்து, உக்கிய பலகைகளை மாற்றி, மிச்சத்தை அடியில் தாங்கும் மரங்களோடு திருகாணியால் இறுக்குவார். நடுவில் விளிம்பு முட்டத் தண்ணீர் நிரப்பிய கிளாஸை வைத்துச் சிலுவை அடையாளம் போடுவார். பிறகு வீட்டில் உள்ள அத்தனை பேரையும் தளத்தில் ஏற்றுவார். ஒரு சொட்டுச் சிந்தினாலும் டைல் பெட்டி திறக்கப்படாது. அவர் மட்டும் ஏறமாட்டார். வாசலில் முழங்காலில் நின்று கிளாஸையே பார்ப்பார்.

"நான் இஞ்சை குடியிருக்கிற ஆளில்லை. என்ரை பாரம் கணக்கில்லை."

ஒஸ்லோவுக்கு அடுத்த திராமனில் ஒரு வீட்டில் புருசனும் பெண்சாதியும் மூன்று மாதமாக முகம் பார்ப்பதில்லை. இருவரையும் அந்தச் சின்ன அறைக்குள் ஏற்றி, தகர ரின்னில் அடைத்த மீன் போல ஒட்டி நிற்க வைத்தார். கால்மணி நேரத்தில் தண்ணீர் சிந்தியது.

"ஆர் அசைஞ்சது?"

"இவர் சிரிச்சவர்."

"அண்ணை, இவதான் முதல் சிரிச்சவ!"

"சிரிப்பு முடிஞ்சாப் பிறகு கூப்பிடுங்கோ," என்று போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தபோது சிரிப்பு இல்லை. என் மனைவி செல்வி ஆஸ்பத்திரியில் இருந்தாள். இனி மருந்தில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். ஆனால் சக்கர நாற்காலி படி தடுக்காமல் உருளும் குளியலறை வேண்டும். எங்களுடையதோ பழைய மரவீடு. நடந்தால் குளியலறைத் தளம் முனகும்.

சோதனை நாளில் நானும் மகளும் ஏறி நின்றோம்.

"ஒராள் குறையுது," என்றார். "செல்வித் தங்கச்சி எத்தினை கிலோ?"

"நாப்பத்தொண்டு," என்றேன்.

வாசலில் நின்ற தன் வான் வண்டிக்குப் போய் இருபது கிலோ அரிசிப் பை இரண்டைத் தூக்கி வந்து வைத்தார். மேலே ஒரு கிலோ பருப்பு. தண்ணீர் சிந்தவில்லை.

"தொடங்குங்கோ அண்ணை."

திரும்பவும் வானுக்குப் போனார். மூன்றாவது பையை வைத்ததும் தண்ணீர் வழிந்தது.

"இது ஆரின்ரை பாரம்?"

"தங்கச்சி வந்து சாப்பிட்டு உடம்பு வைப்பா. அந்தப் பாரம்."

"அவ இனி உடம்பு வைக்கமாட்டா அண்ணை. டொக்டர் சொல்லிப்போட்டார்."

"டொக்டர் வந்து தளத்தைப் பாத்தவரோ?"

"அங்கிள், அம்மாவுக்கு டைம் இல்லை," என்றாள் மகள்.

அவரோ இறுக்கிய பலகைகளைக் கழற்றி, அடியில் குறுக்குக் கட்டைகள் அடித்தார். இரண்டு நாள் போயிற்று. செல்விக்கு மிச்சமிருந்ததே சில நாட்கள். அதில் இரண்டை இந்த மனிதர் விழுங்கிவிட்டார் என்று நான் அவரோடு பேசவில்லை. மூன்று பைகளோடும் தண்ணீர் அசையாமல் நின்ற பிறகுதான் மேல்பலகையும் நீர்காப்புப் பூச்சும் டைலும் ஏறின.

வீட்டுக்கு வந்த செல்வியிடம் மகள் அரிசிப் பைக் கதையைச் சொன்னாள். செல்வி இருமும் வரை சிரித்தாள்.

"நான் திரும்ப உடம்பு வைப்பன் எண்டு நம்பினது அந்த மனுசன் ஒராள்தான்."

பத்தொன்பது நாட்கள் இருந்தாள். ஒவ்வொரு காலையும் நாற்காலி ஒரு குலுக்கமும் இல்லாமல் உள்ளே உருண்டது.

செல்வியின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து, மகளும் படிப்புக்காகப் பேர்கனுக்குத் திரும்பிய பிறகு, ரசமட்டத்தார் வந்தார். ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்தேன். கொண்டுபோய்க் குளியலறை நடுவில் வைத்தார்.

"ஏறுங்கோ."

ஏறி நின்றேன். வாசலில் முழங்காலில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"பாரம் போதாது," என்றார்.

எழுந்து ரசமட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு ஏறி வந்து, என் பக்கத்தில் நின்றார்.