மூன்றாவது சிலிண்டர்

நயினாரின் கார் நொண்டியது. நாலு சிலிண்டரில் மூன்று உழைக்க, ஒன்று சும்மா இருந்தது. டிரைவர் சிவசைலம் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டான்.

"ஒண்ணு வேலை செய்ய மாட்டேங்குதுய்யா."

"நம்ம வயல்லயும் நாலு பேர்ல ஒருத்தன் அப்படித்தாம்லே. யாருன்னு கண்டுபிடி."

செங்கோட்டை மர வியாபாரி அய்யாக்குட்டியின் ஆள் அன்று மாலை காரை எடுத்துப்போக வருகிறான். யுத்தத்தால் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த பிறகு கார் கொட்டகையை விட்டு அசைவதே அபூர்வம். அதை விற்றால்தான் ஆவணியில் மகள் குழல்வாய்மொழியின் கல்யாணத்துக்கு நகை. எஞ்சின் வீணை மாதிரி பேசும் என்று நயினார் சொல்லியனுப்பியிருந்தார். தந்தி அறுந்த வீணையை யார் வாங்குவார்?

சிவசைலம் மரப்பிடித் திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் எஞ்சினோடு சேர்த்துத் தொட்டான். தொட்ட சிலிண்டருக்குப் பொறி போகாது. சத்தம் தளர வேண்டும். மூன்றாவதைத் தொட்டபோது மட்டும் சத்தம் அப்படியே இருந்தது. சோம்பேறி அகப்பட்டுக்கொண்டான்.

முதல் பிளக்கையும் மூன்றாவதையும் இடம் மாற்றினார்கள். மூன்றாவது சிலிண்டர் பிழைத்தது, முதலாவது படுத்தது. ஆக, கோளாறு பிளக்கில். புதுசு தென்காசியில் எந்தக் கடையிலும் இல்லை. சிவசைலம் பிளக்கின் அடிமுனையை உப்புத்தாளால் தேய்த்தான். மேலே பீங்கானில் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைக்கப்போனபோது நயினார் கையைப் பிடித்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொட்டை அழிப்பதா?

பொட்டு அவர் மனைவி ஆவுடைத்தாய் வைத்தது. வெள்ளிதோறும் விளக்கு, ஊஞ்சல், கார் எல்லாவற்றுக்கும் வைப்பாள். அன்று காலை மூன்றாவது பிளக்குக்கு மட்டும் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. இப்போது மூன்றாவதின் சீக்கு முதலாவதுக்கும் பரவிவிட்டதாகக் காதில் விழவே, ஆண்கள் சாப்பிடும் நேரம் பார்த்து நாலுக்கும் அள்ளிப் பூசிவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து கிளப்பினால், இரண்டுதான் ஓடியது. நயினார் சிவசைலத்தின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. காரைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவிக்கு முன்னால் நிறுத்திவிட்டால்? அந்த இரைச்சலில் எஞ்சின் நொண்டுவது எவன் காதில் விழும்? வருகிறவனை அங்கே திருப்பிவிட வீட்டில் ஆள் வைத்தார். குளிக்கலாமே என்று ஆவுடைத்தாயும் ஏறிக்கொண்டாள்.

கார் உதறி உதறிப் போய்ச் சேர்ந்தது. அருவி முழங்கியது. சாரல் பானெட்டின் இடுக்கெல்லாம் புகுந்தது. நயினார் கண்ணை மூடிக் கேட்டார். நொண்டலே இல்லை. "பாத்தியாலே" என்று பெருமையோடு திரும்பினார்.

"எஞ்சின் நின்னே போச்சுய்யா" என்றான் சிவசைலம்.

பானெட்டைத் திறந்துவைத்துக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். ஈரச் சந்தனத்தின் மேல் நீலமாக ஏதோ நெளிந்து ஓடியது.

"பொறி உள்ள போகலைய்யா. சந்தனம் வழியா வெளிய எறங்குது."

நயினார் அருவிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஆவுடைத்தாய் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தாள். தோளில் கிடந்த சரிகை நேரியலை உருவி, நாலு பிளக்கையும் தாமே பளிங்காகத் துடைத்தார்.

ஒரே சுற்று. நாலும் ஒன்றாகப் பேசின. நயினார் நேரியலை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஈரத் தலையோடு வந்த ஆவுடைத்தாய் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் நாலும் மூளியா நிக்குது?"

"மூளியா நின்னாலும் ஓடுதுல்லடி?"

"அருவியில நின்னு நான் வேண்டுனேன். ஓடுது."

அதற்குள் அய்யாக்குட்டியின் ஆள் சுடலையாண்டி வந்துவிட்டான். வண்டி இல்லை, இரண்டு காளைகளை மட்டும் பிடித்திருந்தான். நயினார் டிரைவர் சீட்டில் தாமே உட்கார்ந்து எஞ்சினை முறுக்கினார். அருவியையும் மீறி அது வீணையாகப் பேசியது. காளைகள் துள்ளித் திமிறின. சுடலையாண்டி மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினான்:

"அதை நிறுத்துங்கய்யா, மாடு மிரளுது. எஞ்சினைக் கழத்தி நீங்களே வச்சுக்கிடச் சொன்னாரு முதலாளி. மாடு பூட்டி ஓட்ட அது வீண் பாரமாம்."