ஊசி போட்டால் வாய் திறக்கும்

"மயக்க ஊசி மட்டும் வேண்டாம், டாக்டர். அப்படியே அறுத்துடுங்க," என்றார் மூட்டைக்காரர்.

கிடங்கில் நாற்பத்திரண்டு வருஷம் மூட்டை சுமந்ததில் குடல் இறங்கிவிட்டது. கத்திக்கு அவர் பயப்படவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் காலையில் சொன்னதற்குத்தான் பயந்தார். "ஊசி போட்டா உள்ள இருக்கறதெல்லாம் வாய்க்கு வந்துடும். நேத்து ஒருத்தன் மாமியாரை அப்படித் திட்டினான். அந்தம்மா பக்கத்துலதான் நின்னுச்சு."

மூட்டைக்காரருக்கு உள்ளே இருந்தது ஒரே ஒரு பேர். குருவி. கிடங்கில் தானியம் சலித்தவளுக்கு அவர் வைத்த பேர். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் துணிமூட்டையோடு கேட்டில் வந்து நின்றாள், எங்கேயாவது போய்விடலாம் என்று. இவர் அப்பாவுக்குப் பயந்து சாக்கு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வேலை முடிந்து சங்கு ஊதும்வரை நின்றுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ மூட்டையை இறக்கிவிட்டார். அந்தத் துணிமூட்டை மட்டும் இறங்கவில்லை.

டாக்டர் மூட்டைக்காரரின் மனைவியைக் கூப்பிட்டார். "ஐயா ரொம்பப் பயப்படறார். நீங்க பக்கத்துலயே இருங்கம்மா."

வீட்டுக்குக் கிளம்ப இருந்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சைக்கிளைத் தொட்டாலே கை நடுங்கற மனுஷன். கத்தின்னா கேக்கணுமா?"

அவருக்கு முன்கூட்டியே அணை போட்டுவிடலாம் என்று தோன்றியது.

"ஜன்னல்ல ஒரு குருவி வந்துது, பாத்தியா?"

"இங்க ஜன்னலே இல்லையே."

"இல்ல... நான் குருவின்னு சொன்னா பறவையைத்தான் சொல்றேன்."

"வேற எதைச் சொல்வீங்க?"

அவர் உளறுகிறார் என்று பயந்து அவள் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மயக்கம் தெளியறப்ப என்ன பேசறார்னு ஒரு வார்த்தை விடாம கேட்டுச் சொல்லுங்கம்மா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"நீ வீட்டுக்குப் போயேன்," என்று கெஞ்சினார்.

"உங்களை இப்படி விட்டுட்டா? நாப்பது வருஷம் கூட இருந்தவ நான்."

அதுதான் அவரை இன்னும் நடுக்கியது. நாற்பது வருஷமும் தான் இரண்டாமவள் என்று இந்த வயதில் தெரிந்தால், அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

உதட்டைக் கடித்தபடியே ஊசியை வாங்கிக்கொண்டார்.

கண் விழித்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. ஆயா தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அவ?"

"முகம் கழுவப் போனாங்க. அழுது அழுது கண்ணு வீங்கிப் போச்சு."

"நான்... என்ன சொன்னேன்?"

"நீங்களா? குறட்டைதான். ஒரு வார்த்தை வரலை."

"அப்புறம் எதுக்கு அழுதா?"

ஆயா ஈரத்துணியைப் பிழிந்தாள். "பாவம், உக்காந்தபடியே அசந்துட்டாங்க. தூக்கத்துல, 'டிரைவரே, வண்டியை நிறுத்துங்க, நானும் வந்துடறேன்'னு ஒரே அழுகை. ஆமா ஐயா, நீங்க என்ன வண்டி ஓட்டுனீங்க?"