ஊதா மைச் சீட்டுகள்

திங்கட்கிழமை காலை சீட்டுப் பெட்டிக்குள் கையை விட்ட தொகுப்பாசிரியரின் விரலில் ஊதா மை ஒட்டியது. மை ஒட்டியது பெரிய விஷயமில்லை. அந்த மைக்குச் சொந்தக்காரர் செத்து ஐந்து மாதம் ஆகிறது, அதுதான் சிக்கல்.

அது பேச்சு வழக்கு அகராதி தயாரிக்கும் அலுவலகம். கடையிலும் தெருவிலும் ஜனங்கள் பேசுவதை உள்ளது உள்ளபடி துண்டுச் சீட்டில் எழுதி, யார் சொன்னது, எப்போது என்று குறித்து அனுப்ப ஊரெல்லாம் அன்பர்கள் உண்டு. அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நாற்பத்தொன்றாம் எண்காரர் பதினோரு வருடம் வாரம் தவறாமல் ஊதா மையில் எழுதி அனுப்பியவர். அவருக்கு அலுவலக இதழில் இரங்கல் குறிப்பு எழுதியதே தொகுப்பாசிரியர்தான். நாலு பத்தி. எழுதும்போது இரண்டு தடவை மூக்கைச் சிந்தினார்.

இப்போது அகராதி 'செட்' என்ற ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நின்றது. பல்லும் செட், பம்பும் செட். சேர்ந்து சுற்றும் பயல்கள் ஒரு செட். சிமென்ட் இறுகினால் செட் ஆகிவிட்டது, கல்யாணம் குதிர்ந்தாலும் செட் ஆகிவிட்டது. இருபத்து நான்கு பொருள் தேறியிருந்தது. ஒரு பொருளுக்கு மூன்று சீட்டு இருந்தால்தான் அச்சேறும். மூன்று பொருளுக்கு மட்டும் ஒவ்வொரு சீட்டு குறைந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடப் போவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். பதினோரு வருடம் மாங்கு மாங்கென்று உழைத்துவிட்டு, அட்டையில் எவன் பெயரையோ பார்ப்பதா என்று தொகுப்பாசிரியர் புலம்பிக்கொண்டிருந்தார்.

சீட்டில் இப்படி இருந்தது: "இந்த நாற்காலி என் முதுகுக்கு செட்டே ஆகல. சொன்னவர்: தொகுப்பாசிரியர். சனி, காலை பதினொன்று." வரிசை எண் 4113. அன்பர் கடைசியாக அனுப்பிய சீட்டின் எண் 4112.

சனிக்கிழமை அவர் அதைச் சொன்னது நிஜம். குறைந்த மூன்றில் ஒன்று 'பொருந்துதல்' என்பதும் நிஜம்.

பியூனைக் கூப்பிட்டார். "இதை யாருய்யா பெட்டியில போட்டது?"

"தபால்ல வர்றதத்தான் சார் நான் போடுவேன். இதுல ஸ்டாம்பே இல்லையே."

"ஸ்டாம்பு இல்லாம எப்படிய்யா வரும்?"

பியூன் மையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கேருந்து அனுப்பறதுக்கு ஸ்டாம்பு தேவையில்லையோ என்னவோ சார்."

தொகுப்பாசிரியர் சீட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை 4114 வந்தது. "நம்ம வீட்டு சோபா செட்டுலயே உன் தம்பி குடித்தனம் நடத்தறான்." முந்தின நாள் அவர் தொலைபேசியில் மனைவியிடம் சொன்னது. குறைந்த இரண்டாவது பொருளும் நிறைந்துவிட்டது. நன்மைதான், ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. பியூன்தான் ஒட்டுக்கேட்கிறார் என்று முடிவுகட்டி அவரைக் கிடங்குக்கு அனுப்பினார்.

"பதினெட்டு வருஷ சர்வீஸ் சார். என்னைப் போய்ப் பேய்க்கு ஆள்காட்டின்னு சொல்லிட்டீங்களே" என்று பியூன் கண் கலங்கிப் போனார்.

அறை வெறிச்சோடியது. மூலையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் மூடியிருந்தும் மேசைமேல் ஒரு காகிதம் மெல்லப் புரண்டது. தொகுப்பாசிரியருக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. "எண்பது வயசுல போனவர், போன இடத்துல ஒரு செட்டைச் சேர்த்துக்கிட்டு நிம்மதியா இருக்கக் கூடாதா?" என்று காற்றைப் பார்த்துக் கெஞ்சினார்.

புதன்கிழமை அந்த வாக்கியமே 4116 ஆகக் கிடந்தது. குறைந்த மூன்றாவது பொருளும் அதோடு நிறைந்துவிட்டது. நடுவில் 4115 எங்கே என்று தேடினால், அது காலணி அலமாரியில் செருகியிருந்தது: "பியூன் பாவம்." அன்பர் நல்லவர்தான் போலிருக்கிறது. ஆனால் 4116-இன் அடியில் சின்ன எழுத்தில், "வயது எழுபத்தெட்டு. திருத்தவும்" என்று இருந்தது. தொகுப்பாசிரியர் ஒரு சொம்புத் தண்ணீரையும் நின்றபடியே குடித்தார்.

உடனே எல்லாரையும் கூட்டினார். "இந்த வாரம் ஆபீஸ்ல யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது."

"எந்த வார்த்தை சார்?" என்று கணக்கர் கேட்டார்.

"அதான், அது."

"அதுன்னா எது சார்?"

"சொன்னா சீட்டு வந்துடும்யா!"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலை இயக்குநர் கூப்பிட்டார்.

"மூணு பொருளும் நிறைஞ்சுடுச்சாமே? சந்தோஷம். அனுப்பினவர் கிட்ட ஒப்புதல் கையெழுத்து வாங்கிக் கோப்புல வெச்சுடுங்க. கையெழுத்து இல்லேன்னா சீட்டு செல்லாது, தெரியுமில்ல?"

செத்தவரிடம் எங்கே போய்க் கையெழுத்து வாங்குவது? நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று தொகுப்பாசிரியர் துணிந்துவிட்டார். கடையில் ஊதா மை வாங்கி, பழைய சீட்டைப் பார்த்து ஒப்புதல் படிவத்தில் தாமே கையெழுத்தைப் போட்டு, கோப்பில் சேர்க்கச் சொல்லித் தட்டச்சு அம்மாவின் மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை 4117. "இந்தக் கையெழுத்து என்னோடதோட செட் ஆகல. சொன்னவர்: நான். நேற்று, இரவு எட்டு மணி."

அதற்கு மேல் தாங்கவில்லை. பகலெல்லாம் நாற்காலியில் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். அலுவலகம் கலைந்ததும் பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் எண்ணின் முகவரியைக் குறித்துக்கொண்டு, ஒரு வெற்று ஒப்புதல் படிவத்துடன் கிளம்பினார். குடும்பத்தில் யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். காலில் விழவும் தயார்.

மூன்றாம் மாடி. படி ஏறும்போதுதான் ஒரு கேள்வி உறைத்தது. அவர் இறந்துபோனதாக யார் சொன்னார்கள்? யோசித்துப் பார்த்தால் யாருமே சொல்லவில்லை. இரண்டு மாதம் சீட்டு வரவில்லை, நினைவூட்டு அட்டைக்கும் பதில் இல்லை. உயிரோடிருந்தால் இந்த மனுஷர் எழுதாமல் இருப்பாரா என்று இவராகவே முடிவுசெய்து மூக்கைச் சிந்தியிருக்கிறார்.

கதவைத் திறந்தது தட்டச்சு அம்மா. எட்டு வருடமாக அதே அறையில், ஆறடி தள்ளி உட்கார்ந்திருப்பவர். 'ஆச்சாம்மா?' என்பதைத் தவிர அவரிடம் தொகுப்பாசிரியர் எதுவும் கேட்டதில்லை.

"வாங்க சார். அப்பா, யார் வந்திருக்காங்க பாருங்க."

ஜன்னலோரம் ஒரு பெரியவர் ஊதா மையைக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். தொகுப்பாசிரியர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் கையை நீட்டினார். படிவத்தை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, ஊதி உலர்த்தித் திருப்பிக் கொடுத்தார்.

தொகுப்பாசிரியருக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"ஏம்மா, அந்த இரங்கல் குறிப்பை டைப் பண்ணினதே நீங்கதானே! அப்பா உயிரோட இருக்கார்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கையில கட்டோட படுத்திருந்தாரு சார். சொல்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட காட்டிடலாம்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். படிச்சுட்டு, 'ரொம்ப நல்லா இருக்கு, இப்பவே அச்சுக்குக் கொடுத்துடு, செத்தப்புறம் போட்டா நான் எப்படிம்மா படிக்கிறது'ன்னுட்டாரு!"