மதலைமுத்துவின் மார்கோ

காக்ஸ் டவுன் மதலைமுத்துவுக்குப் பிரான்சில் ஒரு சொத்து உண்டு. பட்டா அவர் பெயரில் இல்லை, அவ்வளவுதான்.

சீமைக்குத் திரும்பிய ஒரு கர்னல் துரையின் வீட்டுச் சாமான் ஏலத்தில், கால் உடைந்த குடை ஸ்டாண்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது அந்தச் சிவப்பு வைன் பாட்டில். ஷாத்தோ மார்கோ. போர்தோ பக்கத்துச் சரக்கு. லேபிளில் தூண் வைத்த மாளிகை. அன்றிலிருந்து ராணுவ ஆபீஸ் குமாஸ்தா மதலைமுத்து அந்த மாளிகைக்கு ஜமீன்தாராகிவிட்டார். ஒரு சொட்டு ருசி பார்த்ததில்லை. அதனால் என்ன? ருசி பார்க்காதவனால்தானே நாள் முழுக்க வர்ணிக்க முடியும்!

அவர் மனைவி பவுலின் வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்குப் பீங்கான் ஜாடியில் வைன் போடுகிறவள். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. அவள் அண்ணன் தியோடர் அதைக் குடிப்பதற்கென்றே கோலாரிலிருந்து குடும்பத்தோடு ரயிலேறி வருவார். இந்த வருஷம் மதலைமுத்து ஐயா சபதம் செய்தார்.

“மேஜையில மார்கோதான். உன் ஜாடியத் திறக்கக் கூடாது. உங்க அண்ணன் வரட்டும், வைன்னா என்னன்னு காட்டறேன்.”

“அப்ப ஜாடியில இருக்கறது?”

“ரோஜாச் செடிக்கு ஊத்து. செடி தாங்கும்னா.”

“போன வருஷம் டம்ளர் டம்ளரா குடிச்சீங்களே?”

“அறியாமை!”

“அதுவும் திராட்சை, இதுவும் திராட்சைதானே?”

“சும்னே பேசாதே! அந்தத் தோட்டம் பூரா சரளைக் கல்லு. கொடி தண்ணி தேடித் தேடிக் கீழே போகுமாம். அப்பத்தான் பழத்துக்கு ஞானம் வரும். ராஜாக்கள் குடிச்சது! சர்க்கரை கிடையாது, கோதுமை கிடையாது. உன்னது கஷாயம்.”

“அப்ப சுத்தமான திராட்சை மட்டுமா? வேற எதுவுமே சேக்கலையா?”

“ஒரு துளி சேக்கல. சத்தியம்!”

“சரிங்க,” என்றாள் பவுலின்.

மனைவி இவ்வளவு சீக்கிரம் ‘சரிங்க’ என்றால் புத்தியுள்ள புருஷன் பீரோவைப் பூட்டுவான். மதலைமுத்து மீசையை முறுக்கினார்.

அது யுத்த காலம். பிரான்சிலிருந்து கப்பல் வரவில்லை. பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர். பூசைக்கான வைன் தீர்ந்துபோய்த் தவித்துக்கொண்டிருந்தார். கோதுமையும் கிராம்பும் போட்ட வீட்டு வைன் பூசைக்கு ஆகாது. கலப்பில்லாத திராட்சை ரசம்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாமியார் நாத்தழுதழுக்கப் பேசினார். “நம்ம பங்கிலே ஒரு தர்மவான் இருக்கார். வீட்டிலே இருந்த ஒரே போர்தோ பாட்டிலை, சம்சாரத்துக் கையிலே கொடுத்து அனுப்பி, ஆண்டவருக்கு மனசார ஒப்புக்கொடுத்தார். மதலைமுத்து, எழுந்து நில்லுங்க!”

கோவிலே திரும்பிப் பார்த்தது. மதலைமுத்து எழுந்தார். பல்லைக் காட்டினார். அதைப் புன்னகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குதித்தார். “அடிப்பாவி! யாரக் கேட்டுக் குடுத்தே?”

“உங்களத்தான் கேட்டேன். சுத்தமான்னு. சத்தியம் பண்ணீங்களே?”

“எனக்கு இஷ்டமில்லே!”

“அப்ப பாவசங்கீர்த்தனத்துல போய்ச் சொல்லுங்க. அதே சாமியார்தான் உக்காந்து கேப்பார்.”

போவாரா? ஆனால் தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போனார். முதல் பெஞ்சு. ஜனங்களுக்கு அப்பம் மட்டும்தான், ரசம் சாமியாருக்கு. பாத்திரத்தில் மார்கோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்து, எச்சிலை விழுங்கிவிட்டு ஆபீஸ் போவார். மனுஷருக்கு என்ன பக்தி வந்துவிட்டது என்று காக்ஸ் டவுனே மெச்சியது. பவுலினும் மெச்சினாள், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல்.

கிறிஸ்மஸ் வந்தது. தியோடர் வந்தார். ஜாடி திறந்தது. கிராம்பு வாசனை கூடத்தைத் தூக்கியது. பவுலின் எல்லோருக்கும் ஊற்றினாள். புருஷன் டம்ளரில் மட்டும் தண்ணீர்.

“எனக்கு?”

“உங்களுக்கு எதுக்குங்க கஷாயம்?”

மதலைமுத்து கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தியோடர் இரண்டாவது டம்ளரை நீட்டுவதைப் பார்த்தார். பிறகு மெல்ல முனகினார். “பவுலின்... உன் வைன்ல எனக்கும் கொஞ்சம்...”

“அண்ணன் இருக்காரு, கொஞ்சம் சத்தமாத்தான் கேளுங்களேன்.”

சத்தமாகவே கேட்டார்.