ஆடு ஜெயித்த ஆட்டம்

ஒரு காட்டில் குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் கரையில் உக்கிரபாண்டி என்ற புலி படுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க வரும் ஆடுகளைத் தின்றுவந்தது. ஆடுகள் மனு மேல் மனு கொடுத்தன. கடைசியில், ஆடுபுலி ஆட்டம் ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆடுகள் ஜெயித்தால் புலி குளக்கரைக்கு வரக் கூடாது. புலி ஜெயித்தால் ஆடுகள் காட்டையே காலி செய்துவிட வேண்டும். மூன்று பிரதிகளில் குளம்பும் நகமும் பதித்துக்கொண்டார்கள்.

புலி தன் பக்கம் ஆட ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. ஆடுகளின் பக்கம் மூக்காயி என்ற வெள்ளாடு உட்கார்ந்தது. போன கோடையில் அதே கரையில் தங்கச்சியைப் பறிகொடுத்த ஆடு அது.

"அது நொடிக்குக் கோடி கணக்குப் போடுமாம். நீ எப்படி ஆடப்போற?" என்று கேட்டது ஒரு கிடா.

"மனசு எங்க வைக்கச் சொல்லுதோ, அங்க வைப்பேன்" என்றது மூக்காயி.

அப்படியே வைத்தது. சாயங்காலத்துக்குள் மூன்று புலிக்காய்களும் நகர வழியில்லாமல் அடைபட்டன. கம்ப்யூட்டர் தோற்றது.

ஆடுகள் மூக்காயிக்கு மாலை போட்டன. பிறகு அந்த மாலையைத் தின்றன. ஆபத்து வந்தால் மனசே சொல்லிவிடும் என்று மூக்காயி வகுப்பு எடுத்தது. முன்னால் ஓர் ஆட்டை அனுப்பி வழி பார்க்கும் வழக்கத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

நான்கு நாள் பட்டினி கிடந்த உக்கிரபாண்டி, கம்ப்யூட்டரை மிதிக்கக் காலைத் தூக்கியது.

"ஒரு நிமிஷம் ஐயா. வேணும்னுதான் தோத்தேன். நாம ஜெயிச்சிருந்தா ஆடுங்க காட்டைவிட்டே போயிருக்கும். அப்புறம் எதைச் சாப்பிடுவீங்க?"

புலி காலைக் கீழே வைத்தது. "அதான் குளத்துக்குப் போக முடியாதே."

"குளத்துக்குப் போற வழியைப் பத்தி ஒப்பந்தத்துல ஒண்ணும் இல்ல. வேப்பமரத்துக்கிட்ட வழி ரெண்டாப் பிரியுது. இடது பக்கம் போய் உட்காருங்க. ஆட்டத்துல சந்தேகம் வந்தப்பல்லாம் அந்தம்மா மனசு இடது பக்கம்தான் சொல்லிச்சு."

மறுநாள் காலை மூக்காயி ஏழு ஆடுகளோடு வேப்பமரத்தடிக்கு வந்தது. கண்ணை மூடி மனசைக் கேட்டது. மனசு தயங்காமல் பதில் சொன்னது. மூக்காயிக்கு நிம்மதியாக இருந்தது.

"இடது பக்கம் போவோம்" என்றது. ஏழும் பின்னாலேயே நடந்தன.

அன்று மதியம் உக்கிரபாண்டி கம்ப்யூட்டர் மேல் இருந்த தூசியை வாலால் தட்டிவிட்டு, தூங்கப் போனது.

நீதி: கம்ப்யூட்டரிடம் தோற்றுப்போவது உடம்புக்கு நல்லது.