நான் ஆபீசருக்கு மாலை போடவில்லை

என் படம் பேப்பரில் வந்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் படத்துக்குக் கீழே பொய்யை அச்சடித்துவிட்டார்கள். 'விபத்து நடந்த இடத்துக்கு வந்த அதிகாரிக்கு மாலை அணிவித்து வரவேற்கும் மூதாட்டி.' மாலை அணிவித்தேனாம். வரவேற்றேனாம். எல்லாவற்றுக்கும் மேலே, மூதாட்டியாம்! (அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயசு. ஒரு மூட்டைப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பேன்.) படத்தில் என் வாய் அகலமாகத் திறந்திருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் நான் பூரித்துச் சிரிப்பதாக நினைத்தார்கள். நான் வைதுகொண்டிருந்தேன்.

செல்போன் ஊருக்குள் வராத காலம் அது. எங்கள் ஊர் வேடசந்தூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே, ரோட்டை ஒட்டி இருக்கிறது. தோட்டத்தில் விடியக் கருக்கலில் பறித்த பூவை மூட்டை கட்டி, திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிற வேனுக்காக ரோட்டில் நிற்பது என் வழக்கம். அன்றைக்கு என்னிடம் மஞ்சள் செவ்வந்தி, சிவப்புக் கோழிக்கொண்டை, கொஞ்சம் மரிக்கொழுந்து மூன்றும் இருந்தன. மணி எட்டரை இருக்கும். நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மில் பஸ் வந்தது. டயர் வெடித்தது. ஓர் எருமை அலுத்துப் போய்ப் படுக்கிற மாதிரி, பஸ் மெதுவாகச் சாய்ந்து ஓடைக்குள் படுத்துவிட்டது.

ஓடையில் தண்ணீர் இல்லை. (எங்கள் ஓடையில் என்றைக்கு இருந்தது?) யார் உயிரும் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போயிருந்தால் இதைச் சிரிப்பாக எழுத எனக்குக் கை வராது.

ஊரே ஓடி வந்தது. கண்ணாடியை உடைத்துப் பிள்ளைகளை வெளியே எடுத்தோம். பஞ்சும் ரத்தமும் தலைமுடியில் ஒட்டிக் கிடந்தன. அதுவரை சரி. அதற்குப் பிறகுதான் கூத்து. காய்கறி வேன், டிராக்டர், மொபெட், எது நின்றதோ அதில் பிள்ளைகளை அள்ளிப் போட்டு, மனம்போன திசையில் ஓட்டத் தொடங்கினார்கள். பெற்றவர்கள் வந்து "எம் புள்ள எங்க?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்து ஊரைக் காட்டினார்கள். ஒரு தாய் வடக்கே ஓடி, தெற்கே ஓடி, கடைசியில் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாலத்துக் கட்டைச் சுவரில் ஏறி நின்றேன்.

"எங்கிட்டச் சொல்லாம ஒரு வண்டியும் இங்கேருந்து நகரக் கூடாது!"

மொபெட்டில் ஒருவன் கேட்டான்: "நீ யாருக்கா? கலெக்டரா?"

"ஆமாலே. இன்னைக்கு நாந்தான் கலெக்டரு. எறங்கு கீழ!"

இறங்கிவிட்டான். அதுதான் வினை. ஒருத்தன் பேச்சைக் கேட்டுவிட்டால் எனக்குத் தலை நிற்காது. உத்தரவாகப் போட்டேன். மயக்கமா, எலும்பு முறிவா, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி. வெட்டு, சிராய்ப்பா, வேடசந்தூர். ஒன்றும் இல்லையா, வீட்டுக்கு நட. அந்த வேகத்தில், சட்டையெல்லாம் சிவப்பாக ஒரு பெரியவர் வாயைத் திறக்க முடியாமல் நின்றார். தூக்கி வேனில் போடச் சொன்னேன். கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னார். "பேசாதீங்க அப்பு, உசுரு போயிரும்" என்று அதட்டினேன். அவர் வேடிக்கை பார்க்க வந்தவர். சட்டையில் இருந்தது வெற்றிலைச் சாறு. சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தார், இரண்டு ஊசி போட்டுக்கொண்டு. அப்புறம் சாகும்வரை என்னைக் கண்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார்.

அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு நோட்டோடு ஓடி வந்தது. சின்னப் பெண். "பேச்சியக்கா, பேரச் சொல்லுங்க. யாரு எங்க போனாங்கன்னு நான் எழுதிக்கிறேன்."

இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்போது எனக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அந்த நோட்டில் எல்லாம் ஏறிவிட்டால், அப்புறம் யாராவது வந்து கேட்கும்போது நான் அந்தப் பெண்ணிடம் போய், "இதில் என்ன போட்டிருக்கு, வாசி" என்று நிற்க வேண்டும். கட்டைச் சுவரில் ஏறி நிற்கிற கலெக்டர் அதற்குச் சம்மதிப்பாளா?

"எழுதி என்னத்துக்கு? எனக்குத் தெரியும். நீ போயித் தண்ணி கொண்டா" என்றேன்.

எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. ஒரு வாழைநாரை எடுத்தேன். திண்டுக்கல் போனால் செவ்வந்தி, வேடசந்தூர் போனால் கோழிக்கொண்டை, வீட்டுக்குப் போனால் மரிக்கொழுந்து. ஆளுக்கு ஒரு பூ. எந்த ஆள் என்று தெரிய, அவளவள் சேலையிலோ தாவணியிலோ ஒரு நூலை உருவி, அந்தப் பூவின் காம்பில் சுற்றி நாரோடு கட்டினேன். நீல நூல் செல்வி. பச்சை நூல் ராசாத்தி. கறுப்பு நூல் டிரைவர். (வெற்றிலைப் பெரியவருக்கும் வேட்டி நூலில் ஒரு செவ்வந்தி உண்டு.) பூவைத் தொட்டால் ஆள் முகம் வரும், போன இடம் தெரியும். இருபத்தாறு பேர் முடிந்தபோது அதை மடித்து வேலிக் கருவேலங் கிளையில் தொங்கவிட்டேன். தொண்டை காய்ந்து போயிருந்தது. டீச்சர் கொண்டுவந்து வைத்த தண்ணீர்க் குடத்தடிக்குப் போய்ச் செத்த நேரம் உட்கார்ந்து குடித்தேன்.

அங்கேதான் பவுனு வந்தாள்.

பவுனு எனக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. வரப்பை வெட்டி வெட்டி என் பக்கம் தள்ளியவள். அதனால் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அவள் மகள்தான் செல்வி. பவுனு என் கையைப் பிடித்தாள்.

"பேச்சி, எம் மக எங்க?"

எவ்வளவு கெத்தாக எழுந்தேன் தெரியுமா! "வா, சொல்றேன்" என்று கிளைக்குப் போனேன். கிளை மொட்டையாக நின்றது.

நினைவில் தேடினேன். செல்வியைத் தூக்கியது தெரிகிறது. தாவணி நூலை உருவியது தெரிகிறது. எந்த வண்டி? எந்தப் பூ? மண்டைக்குள் வெறும் இரைச்சல். "வேடசந்தூர்தான், கூட்டாளிப் புள்ளைக எல்லாம் அங்கதான் போச்சு" என்றது கூட்டம். மொபெட்காரன் பவுனுவை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பத் தயாரானான். அடிபட்ட பிள்ளை ஒரு பக்கம் கிடக்க, தாய் இன்னொரு பக்கம் போய்த் தேடினால் ஒரு பகல் போய்விடும். அதற்குள் ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்?

"பொறு!" என்று கத்திவிட்டுத் திரும்பினேன். ரோட்டில் ஒரு ஜீப் நின்றது. பெரிய ஆபீசர் வந்திருந்தார். பக்கத்தில் எங்கள் ஊர்த் தலைவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அடிபம்பு திறந்தாலும் மாலை, அந்த அடிபம்பு ரிப்பேரானதைப் பார்க்க வந்தாலும் மாலை என்று போடுகிற மனிதர். ஆபீசர் கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, பச்சை. காம்புக்குக் காம்பு நூல் சிலும்பிக்கொண்டு நின்றது.

"நம்ம ஊரு ஸ்பெசல் சார். மில்லு ஊரில்லையா, நூலு வச்சுக் கட்டுறது" என்று தலைவர் விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் ரத்தம் சொட்டப் போன இடத்தில் மாலை! அதுவும் என் மாலை! ஓடிப் போய் ஆபீசர் கழுத்தில் இருந்ததை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஏய் பேச்சி, கைய எடு! அது சார் மாலை!" என்று தலைவர் பாய்ந்தார்.

"மாலையாய்யா இது? இருபத்தாறு உசுரு தொங்குதுய்யா இதுல! வெறுங்கையோட ஆபீசரப் பாக்கக் கூசுச்சோ ஒனக்கு?"

ஒரு போலீஸ்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. நான் விடாததால் ஆபீசரும் என்னோடு சேர்ந்து வளைந்தார்.

"மனு எதுவும் இருந்தா ஆபீஸ்ல குடுங்கம்மா" என்றார் பாவம்.

"அசையாதீங்க சார். ஆளு விழுந்துரும்."

என்ன நினைத்தாரோ, அசையாமல் நின்றார். நான் அவர் கழுத்தைச் சுற்றிப் பூப்பூவாகத் தொட்டு வாசித்தேன். "ராசாத்தி, வேடசந்தூர். டிரைவரு, திண்டுக்கல்லு. மூக்காயி, வீட்டுக்கு..." பிடரிப் பக்கம் வந்தபோது குனியச் சொன்னேன். குனிந்தார். டீச்சர் பக்கத்தில் வந்து நின்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தது. இந்தத் தடவை நான் தண்ணீருக்கு அனுப்பவில்லை. நடுவில் மாலையை விடச் சொல்லி வந்த தலைவரை நான் வைதபோதுதான் எவனோ ஒரு போட்டோக்காரன் பளிச்சென்று படம் எடுத்தான்.

நீல நூல் வந்தது. காம்பு இருந்தது. பூ இல்லை.

"எம் மக பூ எங்கடி?" என்று பவுனு என் பின்னால் அலறினாள்.

"இதுலேருந்து பூவப் பிச்சது யாரு?" என்று நான் போட்ட சத்தத்தில் தலைவர் இரண்டு அடி பின்னால் போனார். ஜீப் டிரைவர் தலையைச் சொறிந்தார். "நாந்தாம்மா. மாலை போடுறதுக்கு முன்னால ஒரே ஒரு பூ எடுத்துச் சாமிக்கு வச்சேன்."

ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தோம். முன்னால் ஒட்டியிருந்த குட்டிப் பிள்ளையார் தலையில் செல்வி உட்கார்ந்திருந்தாள். மஞ்சளாக. செவ்வந்தி.

"திண்டுக்கல்லு!" என்றேன்.

ஆபீசர் ஜீப் கதவைத் திறந்து, "இந்தம்மாவ ஏத்து, பெரியாஸ்பத்திரிக்கு விடு" என்றார். பவுனு திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது, கையெழுத்துப் போட ஆளில்லாமல் செல்வியை வராந்தாவில் கிடத்தியிருந்தார்களாம். போட்டாள். தோளில் கம்பி வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம். என் வீட்டுக்காரர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "இவ வாழ்க்கையில ரெண்டு பேருக்குத்தான் மாலை போட்ருக்கா. எனக்கு ஒண்ணு, ஆபீசருக்கு ஒண்ணு. அந்தாளு தப்பிச்சுட்டாரு." எனக்கு வந்த கோபத்தில், பேப்பர்காரனுக்கு மறுப்பு எழுத வேண்டும் என்றே அந்த டீச்சரிடம் போய் எழுத்துப் படித்தேன். ஐம்பதை நெருங்குகிற வயசில் அ, ஆ. இரண்டு வருஷம் ஆனது. 'நான் மாலை போடவில்லை, பிடுங்கினேன்' என்று ஒரு கார்டில் எழுதி அனுப்பினேன். அவர்கள் போடவில்லை. (அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.)

எங்கள் வீட்டில் இன்று வரைக்கும் யாரும் திண்டுக்கல் போகிறேன் என்று சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு "செவ்வந்தி" என்பார்கள். வேடசந்தூர் என்றால் "கோழிக்கொண்டை". மருமகள்கள் வந்த புதிதில் முழிப்பார்கள், அப்புறம் அவர்களும் பழகிவிடுவார்கள்.

பவுனு திருந்திவிட்டாள் என்று நினைக்காதீர்கள். போன மாசமும் வரப்பை அரை அடி என் பக்கம் வெட்டித் தள்ளியிருந்தாள். நான் போய்ச் சத்தம் போட்டேன். அவளும் போட்டாள். கடைசியில் வாயில் வேறு ஒன்றும் கிடைக்காமல், எல்லாம் தெரிந்த அவளே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்துகிறாள்:

"நீ ஆபீசருக்கு மாலை போட்டவதானடி!"

"ஒம் மகளத் தேடித்தான்டி அந்தாளு கழுத்தப் புடிச்சேன்!"

அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அந்த அரை அடியை வெட்டி அவள் பக்கம் தள்ளிவிட்டு வந்தேன்.